சாவி யார் கையில்?

இரும்புப் பெட்டியின் சாவி தொலைந்தால் கொல்லன் திறந்து கொடுப்பான். பாங்குப் புஸ்தகம் தொலைந்தால் மனுச் செய்து வேறு பெறலாம். பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களில் இவ்விரு உபாயமும் இல்லை. அங்கே சாவியென்பது நீண்டதோர் இரகசிய எண். அதை அறிந்தவனே சொத்துக்கு அதிகாரி. இழந்தவனுக்கு மீட்டுத்தர எந்தச் சர்க்காராலும் இயலாது. இதனைச் சுயேச்சை நாணயமென்று பறைசாற்றுவோர் இப்பொறுப்பைப்பற்றி வாய் திறப்பதில்லை.

வேல்ஸ் தேசத்து நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பாரின் ஹார்ட் டிஸ்க் 2013-ம் வருஷத்தில் குப்பையோடு போயிற்று. சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி அதிலிருந்ததென்கிறார். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கோரிய அவரது வழக்கை 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இதற்கஞ்சிச் சாவியைப் பரிவர்த்தனை ஸ்தாபனத்திடமே விட்டுவைப்போர் பலர். டோக்கியோவிலிருந்த மவுண்ட் காக்ஸ், சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோமென்று கூறி 2014-ல் திவால் மனுக் கொடுத்தது. பிற்பாடு அகப்பட்டவை சுமார் 2,00,000 மாத்திரமே. வாடிக்கைக்காரர்கள் அதில் ஒரு பங்கைப் பிட்காயினாகப் பெறத் தொடங்கியது 2024 ஜூலையில்!

ஆகவே உடையவன் தானே காவலனாதல் வேண்டும். அவ்வெண்ணை மீட்கவல்ல 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் பூட்டிவைப்பது உத்தமம். செல்போனில் படம் பிடித்து வைப்பது வீதியில் வைப்பதற்கு ஒப்பாகும். அச்சொற்களைக் கேட்டு எவன் வந்தாலும், ஸ்தாபனத்தின் பெயரையே சொல்லி வந்தாலும், அவன் திருடனே. காகிதம் இருக்குமிடத்தை மட்டும் வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கேனும் அறிவித்து வைத்தல் அவசியம்.