பழைய ராணுவ வண்டிகள்

மகாராஜாக்கள் பவனி வந்த மோட்டார்களுக்கு இந்நாட்டில் சட்டத்தின் ஆதரவு பூரணமாக இருக்கிறது. சிப்பாய் ஓட்டிய ஜீப்புக்கு அந்த ஆதரவு அரைகுறையாகவே கிடைக்கிறது. அவன் ஓட்டிய பெரிய லாரிக்கோ அறவே இல்லை. 2021-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் பிரசுரித்த பழமை வாகன விதிகளை வாசித்தபோது நமக்கு உண்டான அபிப்பிராயம் இதுவே.

யுத்தம் ஓய்ந்தபின் கழித்துவிடப்பட்ட ராணுவ வண்டிகளைத் தேடிப்பிடித்து, பழுது நீக்கி, ஆதி ரூபம் மாறாமல் ஓடச் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். 1943-ல் டுனீசியாவில் பிடிபட்ட ஜெர்மானிய டைகர் டாங்கி ஒன்றை இங்கிலாந்தின் போவிங்டன் காட்சிசாலையார் பல ஆண்டுகள் பாடுபட்டு மீண்டும் ஓடச் செய்திருக்கின்றனர். பிரான்ஸில் நார்மண்டிக் கரையில் ஒவ்வொரு ஜூன் மாதமும் பழைய ஜீப்புகள் கூட்டம் கூட்டமாக வந்து சேருகின்றன. நம் நாட்டிலும் ஜீப்பையும், ஜபல்பூர் தொழிற்சாலையில் செய்த ஜோங்காவையும் ஏலத்தில் எடுத்துப் பேணுவோர் உண்டு.

இது செல்வர்களின் விளையாட்டு என்று நேயர்களிற் சிலர் ஒதுக்கலாம். பணம் வேண்டும் என்பது மெய்யே. ஆனால் பணம் மட்டும் போதாது. 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் அமெரிக்காவில் உற்பத்தியாயின. ஒரே மாதிரியை வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் செய்தன. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது. அந்த எழுத்துள்ள போல்ட்டுக்காகப் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுவதும் துழாவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு வோல்ட் மின்சாரம் அறிந்த கைகள் வேண்டும். முதல் கியரை இடறாமல் போடுவதற்கே பழக்கம் வேண்டும். சில ஜீப்புகளின் சக்கரம் இரு பாதிகளை நட்டுகளால் பிணைத்தது. காற்றை இறக்காமல் அந்த நட்டுகளைக் கழற்றுகிறவன் உயிருக்கே ஆபத்து. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள் பம்பாயில் மஹீந்திரா கம்பெனியார் ஜீப்புகளைக் கூட்டத் தொடங்கியதால், இந்த வித்தை நம் பட்டறைகளில் இன்னும் அடியோடு அற்றுப்போகவில்லை. கற்றவர்கள் முதியவர்களாகி வருகிறார்கள்.

பழுது பார்ப்பது என்ற பெயரால் நடக்கும் மோசடியும் நாம் அறியாததல்ல. 1948-ல் நம் சேனைக்காகப் பழுது பார்த்த ஜீப்புகள் இரண்டாயிரத்துக்கு லண்டனில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. வந்து சேர்ந்தவை 155. அவையும் லாயக்கற்றவை என்று தள்ளப்பட்டன. நாம் பேசும் அன்பர்களிடம் ஒப்படைத்திருந்தால் அந்த 155-ஆவது ஓடியிருக்கும்!

கொலைக் கருவிகளைக் கொண்டாடுவதா என்ற கேள்வி ஒன்று உண்டு. அஹிம்சையைப் போற்றும் தேசத்தில் அது எழ வேண்டிய கேள்வியே. ஆனால் லாரி பெரும்பாலும் சுமந்தது அரிசியும், பெட்ரோலும், காயம்பட்டவர்களும். 1939-ல் இந்தியாவை யுத்தத்தில் சேர்த்தபோது இந்தியரை ஒருவரும் கேட்கவில்லை. எனினும் 25 லட்சம் இந்தியர் அதில் சேவை செய்தனர். 1944-ல் கொஹிமா, இம்பால் மலைப்பாதைகளில் வண்டி செலுத்திய கிராமத்துப் பிள்ளைகளுக்கு யார் சிலை வைத்தார்கள்? அதே ஆண்டில் பிரான்ஸில் முன்னேறிய சேனைக்கு இரவு பகலாகச் சாமான் ஏற்றிச் சென்ற அமெரிக்க லாரி ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கறுப்பு இனத்தவர். தளபதிகளின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இவர்களுக்கு மிஞ்சியது வண்டிதான்.

நாமோ வண்டியை மேடையேற்றி நிறுத்திவிடுகிறோம். ஆவடியில் 1960-களில் உற்பத்தி தொடங்கிய விஜயந்தா டாங்கிகள் பல ஊர்களில் மழையிலும் வெயிலிலும் நின்றுகொண்டிருக்கின்றன. அதன் இஞ்சின் ஒலியைக் கேட்ட பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஐம்பது ஆண்டு கடந்த, பெரிய மாறுதல் செய்யப்படாத இருசக்கர, நாற்சக்கர வண்டிகளே 2021 விதிகளின்படி பழமை வாகனங்கள். இருபதாயிரம் ரூபாய் கட்டினால் ‘வி ஏ’ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். கண்காட்சிக்கும் பவனிக்கும் வண்டியை எடுத்துச் செல்லலாம். நல்லது. ஆனால் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, ராணுவ இலாகாவின் வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை வர்ணம் பூசலாகாது என்கிறது. ஆதி ரூபத்தைக் காப்பாற்று என்கிறது ஒரு விதி; ஆதி வர்ணத்தைத் தீட்டினால் குற்றம் என்கிறது மற்றொன்று. வர்ணம் ரூபத்தில் சேராது என்று கோர்ட்டில் வாதிக்கலாம், நாமே வாதித்துவிடுவோம். ஆனால் நீலம் பூசிய யுத்த ஜீப்பைப் பார்த்தவர்கள் அந்த வாதத்தை ஏற்கமாட்டார்கள்.

ராணுவ வண்டி என்று எண்ணிப் பிறர் ஏமாறலாகாது என்பதே விதியின் நோக்கமானால், ‘வி ஏ’ என்ற எழுத்துகளே அந்தச் சந்தேகத்தை நீக்கிவிடுகின்றன. சக்கரக் கணக்கும் அப்படியே. நான்குக்கு மேல் சக்கரமுள்ள ஜி.எம்.சி. லாரி கிழவியாக இருந்தாலும் பழமையாகாது! ஆண்டுக் கணக்கிலோ, முதல் விற்பனைக்குப் பின் பதிவான நாளை விதி குறிக்கிறது. பட்டாளத்தில் பல்லாண்டு உழைத்துப் பிறகு ஏலத்துக்கு வந்த ஜோங்காவுக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? பதிவு அதிகாரி எப்படி அர்த்தம் செய்கிறாரோ அப்படித்தான் என்றால், அது சட்டமாகாது.

மத்திய போக்குவரத்து இலாகா செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. 121-வது விதியில் ‘பழமை வாகனமாகப் பதிவானவை நீங்கலாக’ என்று சேர்க்கட்டும். சக்கர வரம்பைத் தளர்த்தட்டும். ராணுவச் சேவைக் காலத்தையும் வயதில் கணக்கிடட்டும். ஆயுதம் பொருத்திய வண்டியானால், துப்பாக்கியைச் செயலற்றதாக்கிய பின்பே பதிவு என்று கண்டிப்பாக நிபந்தனை விதிக்கட்டும். அதை நாம் முழுமனதுடன் ஆதரிப்போம். வண்டிகளைப் பரிசோதிக்க ராஜ்ய சர்க்கார்கள் அமைக்கும் கமிட்டிகளில், ராணுவப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவருக்கும் இடம் அளிக்கட்டும்.