வீடு தேடி வரட்டும் பயிற்சி

காவேரிப்பட்டினத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கு வயது இரண்டு முடிந்துவிட்டது. இன்னும் எழுந்து நிற்கவில்லை. கேட்பவர்க்கெல்லாம் அவன் பாட்டி சொல்லும் பதில் ஒன்றுதான்: "இவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்." அந்த ஒரு சொல்லிலேயே ஓராண்டு ஓடிவிட்டது. பாட்டியைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குழந்தையின் மூளை நமக்காகக் காத்திருப்பதில்லையே!

நான்கு மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்கார வேண்டும். ஒன்றரை வயதிற்குள் தானாக நடக்க வேண்டும். தாமதமெல்லாம் நோயன்று, ஆயினும் தாமதமானால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளும், பிறந்தவுடன் அழாத பிள்ளைகளும் பெருமூளை வாதத்திற்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி. மூளையில் பட்ட காயத்தை ஆற்ற மருந்தில்லை. எனினும் முதல் சில ஆண்டுகளில் அந்த மூளை புதுவழி கற்றுக்கொள்ளும் ஆற்றல் வாய்ந்தது.

அதற்குப் பயிற்சி என்ன? எண்ணெய் தேய்த்துக் காலை நீவி விடுவதும், 'கரண்ட்' வைப்பதுமே இயன்முறை மருத்துவம் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். பிறர் அசைத்துவிடும் காலால் பிள்ளை கற்பது மிகக் குறைவு. தானே முயன்று, தவறி, மீண்டும் முயல்வதில்தான் கற்கிறது என்பது இன்றைய ஆய்வுகளின் முடிவு. பொம்மையைக் கைக்குச் சற்று எட்டாத தூரத்தில் வையுங்கள்; அதுவே பயிற்சி. ஒரு கை மட்டும் வலுவிழந்த குழந்தைக்கு, நல்ல கையில் நாள்தோறும் சிறிது நேரம் துணியுறை மாட்டுவார்கள். வேறு வழியின்றி மற்றக் கை வேலைக்கு வரும்! நம் தச்சர்கள் செய்த மூன்று சக்கர நடைவண்டியும் பிள்ளை தானே நின்று தள்ளியதுதான். அதை விட்டுவிட்டு, உட்காரவைத்து உருட்டும் பிளாஸ்டிக் 'வாக்கரை' வாங்குகிறோம். கனடா நாட்டார் 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டனர்.

'ஆக்குப்பேஷனல் தெரபி' என்றதும் தொழிற்பயிற்சியோ என்று என்னிடம் கேட்டார் ஒரு நண்பர். குழந்தைக்கு ஏது தொழில்? உண்பதும் உடுத்துவதும் ஆடுவதும்தான். கரண்டிப் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கித் தானே உண்ணப் பழக்குவதும் அக்கலையில் அடங்கும்.

இவற்றை அந்தத் தாய்க்கு யார் சொல்வது? கணவர் ஓசூர்க் கம்பெனிப் பேருந்தில் 'ஷிப்டு'க்குப் போகிறார். அவர் மாங்கூழ்த் தொழிற்சாலையில் தினக்கூலி. வாரம் மூன்று நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரி போனால் மூன்று நாள் கூலி போயிற்று. முதல் வாரம் மூன்று முறை போனார், அடுத்த வாரம் ஒரு முறை, பிறகு இல்லை. இதை அலட்சியம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

2021 ஆகஸ்டு 5ஆம் நாள், 'மக்களைத் தேடி மருத்துவம்' நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வருகிறார். பக்கவாதம் கண்ட பெரியவருக்காக நம் தெருவிற்கு வரும் வண்டி, நிற்காத பிள்ளையின் வாசலிலும் வாரந்தோறும் தவறாமல் நிற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வல்லுநர் செய்வதை ஊர்ப் பணியாளர் செய்ய முடியுமா என்று கேட்கலாம். தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம் அது. பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று தாய்மார்களுக்குக் கற்றுத் தருகின்றனர். வல்லுநர்கள் கைப்பேசிச் செயலி வழியாக அவர்களை நெறிப்படுத்துகின்றனர். திட்டம் வகுப்பவர் வல்லுநர். அன்றாடம் செய்பவள் தாய்.

இதையெல்லாம் எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்:

"ஞாயித்துக்கெழம வருவாங்களா தம்பி?"