திரையின் அளவும் சொல்லின் நாணயமும்

நான்கு முழ வேட்டியின்மேல் எட்டு முழம் என்று அச்சிட்டு விற்பதை நமது நெசவாளர் எவரும் ஒப்பமாட்டார். நீள அகலத்தை உள்ளபடி சொல்லுவது தொழிலின் நாணயம். கைபேசிச் செயலிகளுக்கும் இந்த நாணயம் வேண்டும் என்பதே நாம் இங்குக் கூற விரும்புவது.

ஒரு செயலி எந்தெந்த அளவுத் திரைகளுக்கு ஏற்றது என்பதை, அதைச் செய்வோர் அதனுள்ளேயே அறிவிப்பாக எழுதிவைக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2009-ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் உண்டு. சிறியது, நடுத்தரம், பெரியது என முதலில் மூன்று வகைகள். 2010-இல் மிகப் பெரியது என்பதும் சேர்ந்தது. சிறு திரைக்கு ஆகாது என்று அறிவித்துவிட்டால், கூகுள் பிளே அங்காடி அச்செயலியைச் சிறு திரைக் கைபேசிக்குக் கொடுப்பதில்லை. வைத்திருப்பவரோ தம் கைபேசியில் ஏதோ பழுது என்று எண்ணிக்கொள்வார்.

சோதித்துப் பாராமல் 'எல்லாத் திரைக்கும் ஏற்றது' என்று அறிவிப்பதும் தவறே. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'சமர்ப்பிக்கவும்' என்னும் சொல் சிறு திரையில் பாதி மறைந்துவிடலாம். கண் மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கினால், அழுத்த வேண்டிய பொத்தானே திரைக்கு வெளியே போய்விடக்கூடும்.

இது அற்ப விஷயமன்று. 2018-இல் தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலியின் வழியே மானியம், பயிர்க் காப்பீடு, சந்தை விலை முதலிய செய்திகள் உழவருக்கு வருகின்றன. இன்று விற்கும் கைபேசிகளுள் பெரும்பாலானவை சிறு திரை வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது உண்மையே. ஆயினும், கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடுவோரும், கள்ளக்குறிச்சிப் பகுதியில் கரும்பு பயிரிடுவோரும், தறியில் அமர்ந்திருப்போரும், பிள்ளைகள் கழித்த பழைய கைபேசியையே வைத்திருக்கக் கூடுமன்றோ? அவர்களும் பங்குத் தொகை செலுத்திய அங்கத்தினர்களே.

சிறு திரைக்கும் பொருந்தச் செய்தால் செலவு கூடும் என்பர். கூடலாம், மறுக்கவில்லை. முடியாதெனில் அதை முன்னரே வெளிப்படையாகச் சொல்லி, அச்செய்திகள் குறுஞ்செய்தியாகவோ அலுவலகப் பலகையிலோ கிடைக்க வழி செய்யட்டும்.

ஆகவே, எந்தச் சங்கமும் செயலி செய்யப் பணம் கொடுக்குமுன், ஏற்கும் திரை அளவுகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குக. அங்கத்தினரிடமுள்ள மிகப் பழைய கைபேசியில், எழுத்தைப் பெரிதாக்கி, சோதித்துப் பார்க்குக. அவ்வளவுகளை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுக. அளவு சொல்லாத துணியை வாங்காத நாம், அளவு சொல்லாத செயலிக்குச் சங்கப் பணத்தைத் தருவது முறையாகுமா?