மிச்சமான நேரம் யாருக்கு? – அங்காடிச் சில்லும் வாடிக்கையாளர் உரிமையும்



பொருள்தோறும் மின்னணுச் சில்லு பொருத்தி, அது எங்கே இருக்கிறது என்று கண்டறியும் தொழில்நுட்பம் நம் நாட்டு அங்காடிகளுக்கும் வந்துவிட்டது. ஆர்.எஃப்.ஐ.டி. என்று இதனைச் சுருக்கமாகச் சொல்கின்றனர். நெடுஞ்சாலைச் சாவடியில் மகிழுந்தின் ஒட்டுவில்லையைக் கண்டு கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறதே ஒரு கருவி, அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். யூனிக்லோ போன்ற உடைக் கடைகளில் வாங்கியவற்றைப் பெட்டிக்குள் வைத்த மாத்திரத்தில் மொத்த விலையும் திரையில் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

'எல்லாம் வாடிக்கையாளரின் வசதிக்காகவே' என்பது வணிகர் கூற்று. 'சட்டைக்குள் இருந்து நம்மை வேவு பார்க்கிறார்கள்' என்பது புலனத்தில் உலவும் எச்சரிக்கை. இவ்விரண்டையும் நான் ஏற்பதற்கில்லை. இத்தொழில்நுட்பம் கடையின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, அதில் ஐயமில்லை. அந்த நேரத்தில் ஒரு பங்கு வாடிக்கையாளருக்குத் திரும்பி வந்தால் மட்டுமே இது அவருக்கு நன்மை. வராவிட்டால் 'வசதி' என்பது வெறும் விளம்பரச் சொல். இதுவே என் கருத்து.

சில்லு செய்வது என்ன?

1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில், சூயிங்கம் பொட்டலம் ஒன்றின் பட்டைக்குறி கடை முகப்பில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது. அன்றுமுதல் பட்டைக்குறி உலகை ஆண்டது. ஆனால், அதற்குத் தெரிந்தது பொருளின் வகை மட்டுமே. 'இது வெள்ளைச் சட்டை, அளவு 10' என்று அது சொல்லும். ஒரே அளவுள்ள இருபது சட்டைகளில் இது எந்தச் சட்டை என்று சொல்லாது. கருவிக்கு நேராகப் பிடித்தால்தான் அதைப் படிக்கவும் முடியும்.

சில்லு அவ்வாறன்று. ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண் உண்டு. சில்லில் மின்கலம் இல்லை. படிப்புக் கருவி அனுப்பும் வானலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. சில மீட்டர் தொலைவிலிருந்து, அட்டைப்பெட்டியைத் திறவாமலே அதனைப் படிக்கலாம். ஆகவே, பணியாளர் ஒருவர் கருவியைக் கையில் ஏந்தி அடுக்குகளைச் சுற்றிவந்தால் போதும். நாள் முழுதும் நடந்த கணக்கெடுப்பு சிறிது நேரத்தில் முடிந்துவிடும்.

கணக்கு சரியாக இருப்பதில் நமக்கென்ன ஆதாயம் என்று கேட்கலாம். பள்ளி திறக்கும் காலத்தை எண்ணிப் பாருங்கள். ஆறு நாளும் உழைக்கும் தாய், ஓய்வுநாளில் பிள்ளைக்குச் சீருடை வாங்கக் கிளம்புகிறார். 'அந்த அளவு முடிந்துவிட்டது' என்று ஒரு கடையில் கைவிரிக்கின்றனர். அடுத்த கடைக்கு ஓடுகிறார். முதல் கடையின் பின்னறையிலோ, வேறோர் அடுக்கிலோ அந்த அளவு கிடந்திருக்கலாம். கடைக்காரருக்கே அது தெரியாது. இது கற்பனைப் புகார் அன்று. நிக்கோல் டிஹோரேஷியஸ், ஆனந்த் ராமன் ஆகிய ஆய்வாளர்கள் 37 கடைகளின் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், 65 விழுக்காட்டுப் பதிவுகள் தவறாக இருந்தன! 'இல்லை' என்ற விடைக்குப் பின்னால் எத்துணை அறியாமை இருக்கிறது, பாருங்கள்.

சில்லு இக்குறையைத் தீர்க்க வல்லது. வால்மார்ட் கடைகளில் ஆர்க்கன்சா பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு, அடுக்கில் பொருள் இல்லாமற்போகும் நிலை 16 விழுக்காடு குறைந்ததென 2005இல் அறிவித்தது. அந்தத் தாய்க்கு வேண்டியதும் இதுதானே? அவருடைய அலைச்சல் குறைந்தால் அது உண்மையான வசதி. இதனை மறுத்துத் தொழில்நுட்பத்தையே தூற்றுவது பேதைமை.

வேவு பார்ப்பது எது?

வேவு என்னும் அச்சத்திற்கு வருவோம். மின்கலம் இல்லாத சில்லு துணைக்கோளுடன் பேசாது. அருகில் படிப்புக் கருவி இல்லையேல் அது வாய் திறவாது. அதிலுள்ள எண்ணில் உங்கள் பெயரும் இல்லை. அந்த எண்ணை உங்கள் பெயரோடு முடிச்சுப் போடும்போதுதான் ஆபத்து பிறக்கிறது. முடிச்சுப் போடுவது பெரும்பாலும் நாமே விரும்பி வாங்கும் உறுப்பினர் அட்டை!

செருமனியின் மெட்ரோ நிறுவனம் 2003இல் ரைன்பெர்க் நகரில் 'எதிர்கால அங்காடி' ஒன்றைத் திறந்தது. அங்கே வாடிக்கையாளருக்கு வழங்கிய உறுப்பினர் அட்டைக்குள்ளேயே சில்லு இருந்தது 2004இல் அம்பலமானது. மக்கள் கொதித்தெழுந்தனர், நிறுவனம் அவ்வட்டைகளைத் திரும்பப் பெற்றது. மக்கள் வெறுமனே அஞ்சிக் கிடக்கவில்லை. கேள்வி கேட்டனர், வென்றனர். நம் நாட்டிலும் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. புலனத்தில் வதந்தி பரப்பும் நேரத்தில், அட்டைக்கு விண்ணப்பிக்கும் தாளை ஒருமுறை படித்துப் பார்க்கலாமே!

வசதி என்னும் போர்வை

வணிகரை இனிக் கேட்போம். 2003இல் வால்மார்ட் நிறுவனம் தன் முதல் 100 வழங்குநர்களை நோக்கி, 2005 சனவரிக்குள் பெட்டிகளிலும் சரக்குத் தட்டுகளிலும் சில்லு பொருத்தக் கோரியது. நோக்கம் கிடங்கை ஒழுங்குபடுத்துவது. வாங்குபவரை யாரும் கேட்கவில்லை. கடைக்கென்று வந்த கருவிக்கு 'வாடிக்கையாளர் அனுபவம்' என்னும் பட்டாடை பின்னர்தான் போர்த்தப்பட்டது.

இன்று சில கடைகளில் காண்பதென்ன? காசாளர் முகப்புகள் ஒன்றாகச் சுருங்க, தானியங்கி முகப்புகள் ஆறாகப் பெருகுகின்றன. அவற்றுக்கு உதவ ஒரே ஒரு பணியாளர். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த மூதாட்டி, திரையில் ஓடும் வேற்றுமொழி வாசகத்தின் முன் கையைப் பிசைந்து நிற்கிறார். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்கின்றனர். அவருக்கு இது வசதியா, அவமானமா? காசாளர் வேலை பார்த்த பெண்களும் நம் மாணவர்களின் தாய்மாராக இருக்கக்கூடும். அவர்கள் எங்கே போவர்?

மாற்று வழி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அண்டை நாடான சிங்கப்பூரில், 1998இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் நூல்களுக்கு இதே சில்லைப் பொருத்தினர். பின்னர் மற்ற நூலகங்களுக்கும் அது பரவியது. இரவல் வாங்க நீண்ட வரிசையில் நின்ற நிலை மாறியது. திருப்பிய நூல் உடனே கணக்கில் கழிந்தது. மிச்சமான நேரம் வாசகரின் கைக்கு வந்தது. நூலகத்தால் இயன்றது அங்காடியால் இயலாதா?

நாம் கேட்க வேண்டியவை

1. 'இல்லை' என்று சொல்லுமுன் கருவியில் பார்த்துச் சொல்லுங்கள். வேறு கிளையில் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

2. காசாளர் இருக்கும் முகப்பு ஒன்றேனும் எந்நேரமும் திறந்திருக்கட்டும்.

3. கணக்கெடுப்பில் மிச்சமான பணியாளரை வீட்டுக்கு அனுப்பாதீர். வாடிக்கையாளருக்கு உதவ அடுக்குகளின் அருகே நிறுத்துங்கள்.

4. வாங்கிய பொருளின் சில்லை நீக்கித் தரக் கேட்டால் முகம் சுளிக்காது நீக்கித் தாருங்கள்.

5. உறுப்பினர் அட்டையில் எதைப் பதிகிறீர் என்று தமிழிலும் எழுதி வையுங்கள்.

பெற்றோரே, அடுத்த முறை சீருடை வாங்கச் செல்கையில் முதல் கோரிக்கையையாவது வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைகளின் முன்னிலையிலேயே கேளுங்கள். ஆசிரியர்களே, பட்டைக்குறிக்கும் சில்லுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவியல் பாடத்தில் பத்து நிமிடம் விளக்குங்கள். அறிந்து வளரும் பிள்ளை கருவியைக் கண்டு அஞ்சாது. விளம்பரத்தைக் கண்டு மயங்கவும் மயங்காது.

சிந்திப்போம், கேட்போம்!

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்