முடிவுக்கு முன்பே சொல்லுங்கள்: நகராண்மைக் கழகங்களும் தோட்டக் குடியிருப்புகளும் குறித்த எங்கள் நிலைப்பாடு

மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் தாமான்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். எந்த முடிவு எங்களை இதை எழுத வைத்தது, அது எந்த லயங்களைப் பாதிக்கிறது, கடிதம் யார் கைக்கு எப்போது வந்தது என்பதெல்லாம் உறுப்பினர்களுக்குத் தெரியும். பேச்சுவார்த்தை இன்னும் முறிந்துவிடவில்லை என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். எந்த ஒரு கழகத்தையும் தனித்துக் குற்றம் சாட்டுவது எங்கள் நோக்கமல்ல. மலாக்கா வரலாற்று மாநகர் மன்றமும் ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்களும் தங்கள் எல்லைக்குள் இருக்கும் சிறு குடியிருப்புகளோடு எந்த முறையில் பேச வேண்டும் என்பதே கேள்வி. எங்கள் பதில் இது: ஒவ்வொரு குடியிருப்புக்கும் அதன் மக்களே தேர்ந்தெடுத்த ஒரு குழுவை அங்கீகரியுங்கள். அந்தக் குடியிருப்பைத் தொடும் எந்த முடிவையும் எடுப்பதற்கு முன்பு அந்தக் குழுவிடம் எழுத்தில் சொல்லுங்கள். எடுத்த பிறகு வந்து விளக்கம் சொல்வதைக் கலந்தாலோசனை என்று நாங்கள் இனி ஏற்கப்போவதில்லை.

மக்களோடு இணைந்து செயல்படுகிறோம் என்று கழகங்கள் சொல்லாத மேடை இல்லை. இணைவதற்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் அமைப்பு வேண்டும். மலாய்க் கம்போங்கிற்கு ஜேபிகேகே எனப்படும் மேம்பாட்டு, பாதுகாப்புக் குழு இருக்கிறது. அதன் தலைவருக்கு அரசாங்கத்தின் அலவன்சும் மாவட்ட அலுவலகக் கூட்டங்களில் இடமும் உண்டு. சீனப் புதுக்கிராமங்களுக்கும் அப்படியே. ஓராங் அஸ்லி கிராமத்துக்குத் தோக் பாத்தின் இருக்கிறார். தோட்டத்துக்கு யார்? தோட்டத்தில் மானேஜர் இருக்கிறார், கழகத்தின் கடிதம் அவர் மேசையோடு நின்றுவிடுகிறது. கோயில் கமிட்டி கோயிலுக்காகப் பேசும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளிக்காகப் பேசும், தொழிற்சங்கக் கிளை சம்பளத்துக்காகப் பேசும். குடியிருப்புக்காகப் பேச, அரசாங்கம் ஏற்றுக்கொண்ட வாய் ஒன்றுகூட இல்லை. இந்த நாட்டில் வாணிப நோக்கோடு முதன்முதலாக ரப்பர் நடப்பட்டது இதே மாநிலத்தில்தான். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். பிறகு புக்கிட் ஆசஹானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்தார். அதைத் தொடர்ந்து எழுந்த தோட்டங்களில் பால் வெட்டி, பிறகு செம்பனைக் குலை அறுத்து, மூன்று நான்கு தலைமுறைகளை அங்கேயே புதைத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் ஆட்சி ஏணியின் கடைசிப் படிக்கும் கீழே நிற்கிறார்கள்.

குப்பை, வடிகால், தெருவிளக்கு, லயத்துக்குள் வரும் பாதை ஆகியவற்றைப் பற்றி முந்தைய கூட்டங்களில் விரிவாகப் பேசியிருக்கிறோம். மலாக்காவில் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்தபின் குப்பை விஷயத்தில் கழகத்தின் கையும் சுருங்கிவிட்டது என்பதை ஏற்கிறோம். அவற்றை இங்கே நீட்டவில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். தொழிலாளர் வீடமைப்புக்கு முதலாளியைப் பொறுப்பாக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையில் இருப்பவரைத்தான் காக்கிறது. ஓய்வு பெற்றவர், வேலையை அந்நியத் தொழிலாளரிடம் இழந்தவர், தோட்டம் கைமாறியதால் பெயர்ப்பட்டியலில் இருந்து விழுந்தவர் ஆகியோர் எந்தப் பொறுப்புக்குள்ளும் வருவதில்லை. கம்பெனி அவர்களைத் தன் ஆள் அல்ல என்கிறது, கழகம் அது கம்பெனி நிலம் என்கிறது.

எங்களை அதிகம் சுடுவது திட்டமிடல் அனுமதி விவகாரம். நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976 சொல்வதை உறுப்பினர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒரு மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், அண்டை நிலங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்தில் தகவல் தர வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க அவர்களுக்கு 21 நாள் உண்டு. உரிமையாளர்களுக்கு மட்டுமே. லயத்தில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர் உரிமையாளர் அல்லர்; அவர் தலைக்கு மேல் உள்ள கூரையும் காலுக்குக் கீழே உள்ள மண்ணும் விண்ணப்பம் போடும் அதே கம்பெனிக்குச் சொந்தம். அதாவது, வீட்டை இடிக்கக் கேட்பவரே அந்த வீட்டின் சார்பில் ஆட்சேபம் சொல்ல வேண்டியவர். உள்ளூர்த் திட்டம் நடப்பில் உள்ள இடத்திலோ இந்தக் கடமைகூட இல்லை. உங்கள் ஆட்சேபத்தைத் திட்டத்தின் வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்ட காலத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள். அந்த வரைவு கழக அலுவலகத்தில் சில வாரங்கள் வைக்கப்படுகிறது, நாளேட்டில் விளம்பரம் வருகிறது. தெபோங்கிலோ கெமெண்டோரிலோ உள்ள ஒரு தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்குப் போகும் பெண், பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் லயத்தின் மேல் என்ன வரப்போகிறது என்பதை ஒரு வண்ண வரைபடத்தில் அலுவலக நேரத்துக்குள் தானே கண்டுபிடித்து, மலாய் மொழியில் ஆட்சேபம் எழுதித் தர வேண்டும். எழுதவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தமாம். இதைச் சட்டப்படி சரி என்று எங்களிடம் சொன்னார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். அது நியாயம் என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

விண்ணப்பத்தின் கதி தீர்மானிக்கப்படுவது 2007 முதல் நடப்பில் உள்ள, ஓஎஸ்சி எனப்படும் ஒரே இடச் சேவை மையத்தின் குழுவில். கழகத்தின் முழுக் கூட்டம், கழகமே வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்குத் திறந்தது என்று ஊராட்சி மன்றச் சட்டம் சொல்கிறது. ஆனால் விஷயம் முழுக் கூட்டத்துக்கு வருமுன்பே முடிந்திருக்கும். நிலம் இல்லாதவர்கள் மட்டுமா இதில் மாட்டினார்கள்? காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி மரபுடைமைக் கிராமமாக அரசிதழில் ஏறிய ஊர். 2013 வாக்கில் அதன் எல்லையை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்பும் தங்கும் விடுதியும் கட்டும் திட்டம் வந்தபோது, மலாக்கா செட்டி மக்கள் பத்திரிகைகள் வழியாகக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. பெயரும் வரலாறும் அரசிதழும் உள்ள ஊருக்கே இந்த நிலை என்றால், 'பழைய டிவிஷன்' என்பதைத் தவிர வேறு பெயர் இல்லாத லயத்துக்கு என்ன நிலை? கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் மேம்பாட்டு அனுமதி ரத்தானதை உறுதிசெய்ததைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். அங்கே வழக்காடியவர்கள் பதிவு பெற்ற குடியிருப்புச் சங்கங்களையும் வழக்கறிஞர்களையும் உடைய வசதியான பகுதியினர். அதே இடத்தில் பல பத்தாண்டுகளாக நீள்வீடுகளில் வாழ்ந்த புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர்களின் வீட்டுத் தேவையோ, திட்டத்துக்கு ஆதரவான வாதமாக முன்வைக்கப்பட்டது. அமைப்பு உள்ளவர்கள் வழக்காடினார்கள், இல்லாதவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். தோட்டம் தனியார் நிலம், பொதுப்பணத்தை அங்கே செலவழிக்க முடியாது என்பது முதல் மறுப்பு. கழக எல்லைக்குள் உள்ள நிலத்துக்கு, தோட்ட நிலம் உட்பட, சுக்காய் பிந்து எனப்படும் மதிப்பீட்டு வரியை விதிக்கும் அதிகாரத்தை அதே ஊராட்சி மன்றச் சட்டம் தருகிறது. வரி போட எல்லைக்கு உள்ளே, வடிகால் வெட்ட எல்லைக்கு வெளியே என்பதை எத்தனை நாளைக்குக் கேட்டுக்கொண்டிருப்பது? இலங்கை மலையகத்திலும் இதே சுவர்தான் நின்றது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்களித்து உறுப்பினரை அனுப்பிய மக்கள் தங்கள் லயத்துப் பாதைக்கு ஒரு லோடு கல் வாங்க முடியவில்லை. 2018-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மனிதர் போட்ட சுவரை மனிதர் எடுக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மேலும், முன்கூட்டியே தகவல் சொல்வதற்கு நிலம் யாருடையது என்ற கேள்வியே எழாது. அதற்கு ஆகும் செலவு ஒரு கடிதம்.

இந்தியர்களுக்கென்று தனிக் குழு கேட்டு இனப்பிரிவினையை வளர்க்கிறீர்கள் என்பது இரண்டாவது மறுப்பு. கம்போங்கிற்கும் புதுக்கிராமத்துக்கும் தனித்தனிக் குழு இருக்கும்போது எழாத கவலை எங்களைக் கண்டதும் எழுவது ஏன் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. சிலாங்கூரில் இருப்பதுபோல் இந்தியச் சமூகத் தலைவர்களை மாநில அரசே நியமிக்கும் முறை போதும் என்று செயற்குழுவில் சிலர் வாதிட்டார்கள். அது நல்ல தொடக்கம் என்பதை இந்த அறிக்கை மறுக்கவில்லை. ஆயினும் பெரும்பான்மையோர் கருத்து வேறு. நாங்கள் கேட்பது இடத்துக்கான குழு. அந்தத் தோட்டத்தில், அந்தத் தாமானில் வசிப்பவர் எவராயினும் அதில் சேரலாம், நிற்கலாம், வாக்களிக்கலாம். நியமனம் வேண்டாம் என்பதற்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது. 2018-இல் ஆட்சி மாறியது, கிராமக் குழுவின் பெயர் எம்பிகேகே ஆனது, ஆட்களும் மாறினார்கள். 2020-இல் மீண்டும் ஆட்சி மாறியது, பெயர் ஜேபிகேகே ஆனது, மறுபடியும் ஆட்கள் மாறினார்கள். கட்சிக்கு நன்றி சொல்ல ஒரு பதவி இன்னும் கூடும் என்றால், அப்படி ஒரு குழு எங்களுக்குத் தேவையே இல்லை.

கழகத்திலேயே இந்திய உறுப்பினர்கள் இருக்கிறார்களே என்பது மூன்றாவது மறுப்பு. அவர்களில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் ஊராட்சி மன்றச் சட்டப்படி ஒரு கழகத்துக்கு 8 முதல் 24 உறுப்பினர் வரைதான், மாநில அரசின் நியமனம், அதிகம் போனால் மூன்றாண்டு. தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தக்கவர் என்பதும் நியமனத்துக்கான தகுதிகளில் ஒன்றாக அதே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சமூகத்தை யார் கேட்டார்கள்? உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் நாட்டின் ஊராட்சி முறையை ஆராய்ந்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் முறையே வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு தமிழர் தலைமையேற்று எழுதிய அறிக்கை அது. அதை ஒதுக்கிவிட்டு, 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கோலாலம்பூர் மேயரைத் தேர்ந்தெடுக்கும் யோசனையைச் சுற்றி 2025-இல் எழுந்த விவாதத்தை எல்லோரும் பார்த்தோம். உள்ளாட்சித் தேர்தல் குறித்து இப்போதைக்கு எங்கள் அமைப்பு பொதுநிலை எதுவும் எடுக்கவில்லை. அது அடுத்த பொதுக்கூட்டத்துக்குரியது. குடியிருப்புக் குழுவைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை என்பதை மட்டும் வலியுறுத்துகிறோம்.

மேம்பாடு தாமதமாகும் என்ற அச்சத்தையும் கேட்டோம். இங்கிலாந்தில் 1894 முதல் சட்டத்தால் அமைந்த பாரிஷ் மன்றங்கள் உண்டு. அவை கேட்டுக்கொண்டால், தங்கள் பகுதிக்கு வரும் கட்டுமான விண்ணப்பங்களைப் பெரிய மன்றம் அவற்றுக்குத் தெரிவித்தாக வேண்டும். அனுமதி தருவதும் மறுப்பதும் பெரிய மன்றத்தின் அதிகாரமே. சிறிய மன்றத்துக்கு உள்ளது முன்கூட்டியே அறிந்து கருத்துச் சொல்லும் உரிமை. அங்கே கட்டடங்கள் எழாமல் இல்லை. நாங்களும் தடுக்கும் அதிகாரம் கேட்கவில்லை. சிலர் அதையும் கேட்க வேண்டும் என்றார்கள். இணக்கம் ஏற்படாததால் அது இந்த அறிக்கையில் இடம்பெறவில்லை.

ஆகவே மாநில அரசையும் நான்கு கழகங்களையும் கேட்டுக்கொள்வது இது. தோட்டம், முன்னாள் தோட்டக் குடியிருப்பு, தாமான் ஆகிய ஒவ்வொன்றிலும் குடியிருப்போர் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் குழுவைப் பதிவில் ஏற்றுங்கள். வீடு, கோயில், பள்ளி, மயானம், பாதை ஆகியவற்றைத் தொடும் விண்ணப்பம் வந்தால், நில உரிமையாளருக்குத் தகவல் போகும் அதே நாளில் குழுவுக்கும் தமிழிலும் மலாயிலும் அனுப்புங்கள். சட்டம் சொல்வது குறைந்த அளவு. அதற்கு மேல் தகவல் சொல்லக் கழகத்தை எந்த விதியும் தடுக்கவில்லை. குழு எழுதும் கருத்தை ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். இதற்கு உடன்படும் கழகத்தோடு முழுமனத்தோடு பணியாற்றுவோம், குழுக்களைக் கூட்டுவதிலும் மொழிபெயர்ப்பதிலும் எங்கள் ஆட்களைத் தருவோம். உடன்பாடு வரும்வரை, எடுத்த முடிவை விளக்குவதற்காகக் கூட்டப்படும் சந்திப்புகளில் எங்கள் உறுப்பினர்கள் வருகைப் பதிவில் கையெழுத்திட மாட்டார்கள். அந்தக் கையெழுத்துகள் பின்னால் மக்களின் சம்மதமாகக் கோப்பில் ஏறியதை ஒருமுறை பார்த்துவிட்டோம். இந்த அறிக்கையின் மலாய் வடிவம் நான்கு கழகங்களுக்கும் முதலமைச்சர் அலுவலகத்துக்கும் மூன்று மாவட்ட அலுவலகங்களுக்கும் அனுப்பப்படுகிறது. பதில்கள் கிடைத்தவுடன் அவையும், பதில் வராவிட்டால் அந்த விவரமும், கிளைகள்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.