தனி அறை, தனிச் சாவி

தனியாக வெளியூர் போய் ராத்தங்கிய அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கே அம்மா இருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து என்றால் சத்திரத்தில் ஜமக்காளத்தை விரித்து இருபது பேரோடு படுத்துக்கொள்கிறோம். கோயில் யாத்திரை என்றால் பஸ் நிறைய உறவு ஜனம். ஆனால் நம் பெயரில் ஓர் அறை எடுத்து, சாவியை நம் கையில் வாங்கி, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு தனியாகத் தூங்கி எழுந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு அந்த அனுபவம் 2025 நவம்பரில் வாய்த்தது. எங்கே என்கிறீர்கள்? சீனாவில்! மூன்று ராத்திரி.

கடம்பத்தூரிலிருந்து ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளினால் திருவாலங்காடு. தன்னந்தனியே கயிலாயம் போய் வந்த காரைக்கால் அம்மையார் கடைசியில் வந்து சேர்ந்த தலம். ராஜேந்திர சோழனுடைய செப்பேடுகள் கிடைத்த ஊரும் அதுதான். சோழர்களின் தூதுக்குழு 1015-லேயே சீன அரசவைக்குப் போயிருக்கிறது. பிற்பாடு ஃபூஜியன் மாகாணத்தில் சுவான்ஜோ என்ற துறைமுகப் பட்டினத்தில் நம் வியாபாரிகள் குடியிருந்தார்கள். 1281-ல் அங்கே ஒரு சிவன் கோயில் கட்டித் தமிழில் கல்வெட்டும் வைத்தார்கள். கோயில் இப்போது இல்லை. அதன் சிற்பங்கள் அந்த ஊர்க் கடல்சார் மியூசியத்திலும், கையுவான் என்ற பழைய புத்தர் கோயிலின் தூண்களிலும் இருக்கின்றன. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் லீவு கிடைக்கவில்லை. மகளுக்குக் கைக்குழந்தை. "ஏம்மா, பூந்தமல்லிக்குப் போறதுன்னாலே துணைக்கு ஆள் தேடுவே. சீனாவுக்கு ஒண்டியா போறேங்கிறியே!" என்று மாமியார் வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும், "தினம் ராத்திரி ஒரு போன் பண்ணு, அது போதும்" என்றார்.

ஏஜென்ட் மூலம் விசா வாங்கி, சிங்கப்பூரில் விமானம் மாறி, ஷியாமென் நகரில் இறங்கினேன். அங்கிருந்து வேக ரயிலில் சுமார் அரை மணி நேரம். சுவான்ஜோ வந்துவிட்டது.

கேட்டது பாஸ்போர்ட் மட்டும்

ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. போனில் ஏதோ பேசினாள். அது மொழிபெயர்த்து, "உங்கள் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்" என்று காட்டியது. கொடுத்தேன். படம் எடுத்துக்கொண்டாள். முன்பணமாக 200 யுவான் வாங்கிக்கொண்டு அட்டைச் சாவியை நீட்டினாள். வாடகை ராத்திரிக்கு 240 யுவான். நம் பணத்தில் அப்போது சுமார் மூவாயிரம் ரூபாய்.

சீனாவில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாக வேண்டும் என்று சட்டம். ஓட்டலில் தங்கினால் அவர்களே அதைச் செய்துவிடுகிறார்கள். நம் நாட்டிலும் வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் படிவம் அனுப்புகிறாரே, அதேதான். பாஸ்போர்ட் எதற்கு என்பது எனக்குப் புரிந்தது. என் மனசில் தங்கியது அவள் கேட்காத கேள்விகள். கூட யார் வந்திருக்கிறார்கள், கணவர் எங்கே, எதற்காக வந்தீர்கள் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நகரத்தில், ஆஸ்பத்திரியில் இருந்த உறவினருக்குத் துணையாகப் போயிருந்தேன். வார்டில் ராத்திரி ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். பக்கத்தில் இருந்த ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். "ஆம்பளைங்க யாரும் கூட வரலையாம்மா? லேடீஸ் தனியா வந்தா ரூம் தர்றதில்ல" என்றார் மேஜையில் இருந்தவர். ஆதார் அட்டையைக் காட்டினேன், முன்பணம் தருகிறேன் என்றேன். பலிக்கவில்லை. அன்று ராத்திரி ரயில்வே ஸ்டேஷன் பெண்கள் அறையில் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெண் தனியாக வந்தால் அறை தரக் கூடாது என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. அது அவரவர் வைத்துக்கொண்ட வழக்கம். அடையாள அட்டை சரியாக இருந்தால் கேட்டு வாங்கலாம். நாம்தான் கேட்கக் கூசுகிறோம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்

உடனே சீனா சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். குறைகளையும் சொன்னால்தானே உங்களுக்கு உபயோகம்?

முதலாவது, குளியலறை. அறைக்கும் குளியலறைக்கும் நடுவே சுவர் இல்லை, முழுக்கக் கண்ணாடி! தனியாக இருந்தும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தேடிப் பார்த்ததில் மேலே சுருட்டிவிட்ட திரை ஒன்று இருந்தது. அந்த ஊரில் பல ஓட்டல்களில் இப்படித்தான் கட்டியிருக்கிறார்களாம்.

இரண்டாவது, வாளியும் கிடையாது, குவளையும் கிடையாது. காகிதம்தான். பையில் ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுபோயிருந்தேன். அது செய்த உபகாரத்தைப் பட்டுப்புடவைகூடச் செய்திருக்காது.

மூன்றாவது, மெத்தை. பெயர்தான் மெத்தை, நம் வீட்டு பெஞ்ச் தேவலை. தடித்த ரஜாயைக் கீழே விரித்து, கொண்டுபோன சால்வையைப் போர்த்திக்கொண்டேன். முதுகுவலி உள்ளவர்களுக்கு ஒருவேளை பிடிக்கலாம்.

நான்காவது, சிகரெட் வாடை. புகை பிடிக்காத அறை வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டும் லேசாக இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த அறைகளில் ஜன்னலே இல்லாதவை உண்டு. பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டில் நாலாம் நம்பர் பொத்தானைக் காணோம். சீன மொழியில் நாலு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்குமாம். ராகு காலம் பார்க்கிற நாம் சிரிக்க முடியுமா?

அந்த இரண்டாவது ராத்திரி

முதல் நாள் மியூசியம் பார்த்தேன். லிங்கத்துக்கு யானை பூஜை செய்கிற சிற்பத்தின் முன்னால் என்னை மறந்து நின்றேன். மறுநாள் கையுவான் கோயிலுக்குப் போனேன். தூண்களில் நரசிம்மரும் கிருஷ்ணரும் இருக்கிறார்கள். அவர்களை ஒரு சீனப் பாட்டி துணியால் தொட்டும் தொடாமலும் துடைத்துக் கும்பிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஒரு கடையில் நூல் போன்ற சேமியா போட்ட கஞ்சி குடித்தேன். காய்கறிதான் என்றார்கள். என்ன ஒத்துக்கொள்ளவில்லையோ, நடுராத்திரி வயிறு பிடித்துக்கொண்டது. வாந்தி, பேதி இரண்டும். ஒரு மணிக்குள் நாலு தடவை போய்விட்டது. கால் வெலவெலத்தது. அப்போதுதான் தனி அறை என்றால் என்ன என்று புரிந்தது. இங்கே விழுந்தால் காலையில் அறை துடைக்க வருகிறவள் பார்த்தால்தான் உண்டு!

அழுகை வந்தது. அழுதால் இன்னும் தண்ணீர்தான் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பையில் இருந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்தேன். கெட்டிலில் கொதிக்க வைத்து ஆற வைத்திருந்த தண்ணீர் இருந்தது. ஒரு லிட்டரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, ஒவ்வொரு வாயாகக் குடித்தேன். மடமடவென்று குடித்தால் வாந்தியாகிவிடும். பிறகு கதவின் உள்சங்கிலியை எடுத்துவிட்டு வரவேற்புக்குப் போன் செய்தேன். வேறொரு பெண் வந்தாள். என் போனில் "வயிறு சரியில்லை, காலை எட்டு மணிக்குள் நான் போன் செய்யாவிட்டால் வந்து கதவைத் திறந்து பாருங்கள்" என்று மொழிபெயர்த்துக் காட்டினேன். படித்தாள். தலையை ஆட்டிவிட்டுப் போனவள், அரை மணியில் வெள்ளைக் கஞ்சியும் உப்பும் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தாள். "ஆஸ்பத்திரி?" என்று போனில் எழுதிக் காட்டினாள். வேண்டாம், பார்க்கலாம் என்றேன். விடியற்காலை நாலு மணிக்கும் ஒரு தடவை வந்து தட்டினாள்.

அரிசிக் கஞ்சி! நம் வீட்டில் ஜுரம் வந்தால் என்ன கொடுப்போமோ, அதையே அங்கேயும் கொடுக்கிறார்கள். விடிவதற்குள் நின்றுவிட்டது.

வீட்டுக்கு அப்போதே சொல்லவில்லை. சீனா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே ஒன்றரை மணி என்றால் இங்கே ராத்திரி பதினொன்று. சொன்னால் அவர் தூங்க மாட்டார், இங்கிருந்து செய்யவும் ஒன்றுமில்லை. காலையில் கஞ்சி குடித்துத் தெம்பான பிறகு சொன்னேன். "ஊருக்கு வந்துடறியா?" என்றார். "இன்னொரு ராத்திரிக்குப் பணம் கட்டியிருக்கேனே!" என்றேன். சிரித்துவிட்டார்.

நீங்கள் போவதானால்

சீனாவுக்குத்தான் என்றில்லை. இண்டர்வியூவுக்கு, பரீட்சைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எந்த ஊரில் ஒரு ராத்திரி தனியாகத் தங்க நேர்ந்தாலும் இவை உபயோகப்படும்.

அறைக்குள் போனதும் தாழ்ப்பாள், உள்சங்கிலி, கதவுத் துளை மூன்றையும் சோதியுங்கள். கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று பையில் இருக்கட்டும். விளக்கை அணைத்து டார்ச் அடித்துக் கண்ணாடி, கடிகாரம், கூரைக் கருவி எல்லாவற்றையும் பாருங்கள். காமிரா இருந்தால் அதன் கண் மினுக்கும். அவசர வழி எந்தப் பக்கம் என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள்.

ஓட்டல் பெயர் அந்த ஊர் எழுத்தில் அச்சான கார்டை வாங்கிக் கைப்பையில் வையுங்கள். வழி தப்பினால் டாக்ஸிக்காரரிடம் நீட்டினால் போதும்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். சீனாவில் அநேகமாக எல்லா ஓட்டல் அறையிலும் கெட்டில் வைக்கிறார்கள். முதல் தடவை கொதித்ததைக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிக்க வைத்து உபயோகியுங்கள். பாட்டில் பால் குடிக்கும் குழந்தை கூட வந்தால் இது மிகவும் முக்கியம். கெட்டிலில் தண்ணீர் தவிர வேறு எதையும் காய்ச்சாதீர்கள். ஒரு டப்பா அவல் இருந்தால் வெந்நீர் ஊற்றி மூடி வைத்து, பருப்புப் பொடியும் உப்பும் கலந்து சாப்பிடலாம். சைவக்காரர்கள் "வோ ச்சு சூ" என்ற மூன்று வார்த்தையைப் பாடம் செய்துகொள்ளுங்கள். 'நான் சைவம் சாப்பிடுகிறேன்' என்று அர்த்தம். எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். நம் உச்சரிப்பை நம்புவதற்கில்லை!

மருந்துச் சீட்டோடு மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். ஓ.ஆர்.எஸ். கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கரைக்கலாம். மலத்தில் ரத்தம், கடும் ஜுரம், குடித்த தண்ணீரே தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். சீனாவில் ஆம்புலன்ஸுக்கு 120, போலீசுக்கு 110. நம் நாட்டில் அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

அங்கே ஓட்டல் வை-ஃபையில் வாட்ஸ்அப் திறக்காது. நம் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பு வசதியைப் புறப்படும் முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது ஒருவரிடம் "இத்தனை மணிக்குள் நான் பேசாவிட்டால் வந்து பாருங்கள்" என்று சொல்லி வையுங்கள். வரவேற்பில் இருக்கிற பெண்ணிடமே சொல்லலாம். பிறரிடம் உதவி கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஃபாக்டரிகளுக்கு எங்கெங்கிருந்தோ இளம் பெண்கள் வேலை தேடி வருகிறார்கள். கையில் ஒரு பையோடு ராத்திரி வந்து இறங்குகிற பெண்ணுக்கு அந்த ஒரு ராத்திரிதான் பெரிய மலை. வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று தமிழக அரசு 'தோழி' விடுதிகளைப் பல ஊர்களில் நடத்துகிறது. சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதி இருக்கிறது. ரயில் டிக்கெட் உறுதியானவர்கள் ஸ்டேஷன் ஓய்வறைக்கு முன்பதிவு செய்யலாம். இதையெல்லாம் உங்கள் வீட்டுப் பெண்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். வயதுக்கு வந்த மகளுக்குச் சமையல் சொல்லித் தருகிறோம், கோலம் சொல்லித் தருகிறோம். தன் பெயரில் அறை கேட்டு, ரசீது வாங்கி, கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் சொல்லித் தரலாம். முதல் தடவை காஞ்சிபுரத்திலோ மதுரையிலோ, நீங்கள் அடுத்த அறையில் இருந்துகொண்டு, அவளையே போய்ச் சாவி வாங்கச் சொல்லுங்கள்.