எர்த் குழி ஆளைக் காப்பாற்றுமா?

பழைய இரும்பு மறுசுழற்சி யார்டில் பேலிங் மெஷினும் ஷியரும் ஷ்ரெடரும் நிற்பது இரும்புத் துகளும் ஆயிலும் மழைநீரும் கலந்த தரையில். தகரத்தின் விளிம்பு கேபிளைக் கிழித்து, ஃபேஸ் மெஷினின் உடம்பில் பட்டால் என்ன ஆகும்? ‘எர்த் குழி நல்லா போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாது’ என்பதே முதலாளி முதல் வயர்மேன் வரை சொல்லும் பதில். அந்தப் பதில் தவறு.

30 எச்.பி. பேலர் ஒன்றுக்கு 63 ஆம்பியர் பிரேக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். உப்பும் கரியும் கொட்டிய குழியின் தடை 5 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலின் குழியும் 5 ஓம். கசியும் மின்சாரம் மண் வழியாகவே திரும்ப வேண்டும் என்பதால், 230 வோல்ட்டுக்குக் கிடைப்பது 23 ஆம்பியர் மட்டுமே. மோட்டார் இழுக்கும் சுமார் 40 ஆம்பியரோடு சேர்ந்தாலும் அது 63-ஐத் தாண்டாது. பிரேக்கர் ட்ரிப் ஆகாது. மெஷினின் உடம்பில் 115 வோல்ட் அப்படியே நிற்கும். 50 வோல்ட்டுக்கு மேல் போனாலே ஆபத்து என்பது பொதுவான கணக்கு. ஈரத்தில் நிற்பவருக்கு அதுவும் அதிகம்.

இன்னொரு குழி தோண்டினால்? தடை 2.5 ஓமாகும், உடம்பில் 77 வோல்ட் மிஞ்சும். 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகளை இந்திய மின் விதிகள் கேட்கின்றன. அதை ‘இரண்டு குழி’ என்று சுருக்கிக்கொண்டதில் வந்த வினை இது. எர்த் டெஸ்டர் காட்டும் ஓம் எண்ணைச் சான்றிதழில் எழுதிவிடலாம் என்பதும் இந்த நம்பிக்கைக்குத் தீனி. (உப்பு அதிகமானால் ஜி.ஐ. பைப்பையே அரித்துவிடும் என்பது தனிக் கதை.)

சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள யார்டில், ஒவ்வொரு மெஷினின் உடம்பிலிருந்தும் எர்த் பட்டை அறுபடாமல் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் வரை போக வேண்டும். பாதையின் மொத்தத் தடை 0.2 ஓம் என்றால் 1,150 ஆம்பியர் பாயும். பிரேக்கர் கண் இமைப்பதற்குள் விழும். மின்வாரியத்தின் தாழ்வழுத்த இணைப்பில், எர்த் கம்பி வந்து சேராத இடங்களில், மண்தான் ஒரே திரும்பும் வழி. அங்கே கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தீராது. கையில் பிடிக்கும் கிரைண்டருக்கு 30 மில்லி ஆம்பியர் வகை. பெரிய மோட்டார் லைனுக்கு 300 போதும், அந்தக் கசிவைத் தரக் குழியின் 5 ஓம் தாராளம்.

அந்தக் கருவியையும் ‘சும்மா சும்மா ட்ரிப் ஆகுது’ என்று பைபாஸ் செய்துவிடுவது யார்டுகளில் நடக்கிறது. சும்மா ட்ரிப் ஆவது அபூர்வம். பெரும்பாலும் ஜங்ஷன் பாக்ஸில் இரும்புத் தூள் படிந்திருக்கும், அல்லது கிரேனின் தொங்கு கேபிள் உரசித் தேய்ந்திருக்கும்.